கோள் முழுதும் ஒரே நகரம்: கதைக்காக ஓர் உலகத்தைக் கட்டுவது எப்படி?

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்குபவர்கள் கோள் முழுவதையும் மூடிய நகரம் என்றதும் வானுயர்ந்த கோபுரங்களையும் பறக்கும் கார்களையும்தான் முதலில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படி ஒரு நகரத்தை வாசகர் நம்புவது, உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்ற கணக்கு சரியாக இருந்தால்தான். அதைப் பழக சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு நல்ல வசதி: நம் நாடே ஒரு நகரம்தான். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நெரிசலை முடிவு செய்யுங்கள்

மக்கள்தொகையை மனம்போன போக்கில் போடாதீர்கள். ஐசக் அசிமோவின் 'பவுண்டேஷன்' (1951) நாவலில் வரும் டிராண்டார் நகரத்தின் நிலப்பரப்பு 7.5 கோடி சதுர மைல், மக்கள் 4,000 கோடிக்கும் மேல். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200 பேர்தான்! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே 555 பேர். சிங்கப்பூரில் சுமார் 8,000 பேர், அதுவும் பூங்கா, நீர்த்தேக்கம், காடு எல்லாவற்றையும் சேர்த்து. பூமியின் நிலம் முழுவதும், அதாவது ஏறத்தாழ 15 கோடி சதுர கிலோமீட்டரும், நம் தீவைப்போல் நிரம்பினால் 1.2 லட்சம் கோடி பேர் இருப்பார்கள். உங்கள் நகரம் டிராண்டார், சிங்கப்பூர் இரண்டில் எதற்கு அருகில் என்று முதலில் எழுதி வையுங்கள்.

படி 2: சோறு எங்கிருந்து வருகிறது?

கதை பிறக்கும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். 4,000 கோடி பேருக்கு ஆளுக்கு ஒரு கிலோ என்றால் நாளுக்கு 4 கோடி டன் உணவு. இன்றைய பெரிய கொள்கலன் கப்பல் ஒன்று சுமார் 2 லட்சம் டன் ஏற்றும். அந்த அளவுள்ள 200 விண்கலங்கள் வேறு கோள்களிலிருந்து தினமும் வந்து இறங்க வேண்டும்.

ஒருநாள் வராவிட்டால்? 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே சிக்கன் ரைஸ் கடைகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பொருள்தான், அதற்கே அந்தப் பதற்றம். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் ஊரில் இருப்பவருக்கு இந்தப் பயத்தைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

அப்புறம், கலங்கள் காலியாகத் திரும்பக் கூடாது. மனிதக் கழிவில் இருக்கும் பாஸ்பரஸ் விளைநிலத்துக்குத் திரும்பாவிட்டால், உணவு அனுப்பும் கோள்களின் மண் காலப்போக்கில் செத்துவிடும்.

படி 3: தண்ணீரும் குப்பையும்

இதற்கு விடை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் நியூவாட்டர் தயாரிக்கிறோம். குப்பையை எரித்து, சாம்பலைப் படகில் செமாக்காவ் தீவுக்கு அனுப்புகிறோம். உங்கள் கோளுக்கு அப்படி ஒரு தீவு உண்டா என்பதை மட்டும் தீர்மானியுங்கள்.

படி 4: வெப்பம்

பலர் மறந்துவிடும் படி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. விளக்கு, லிஃப்ட், அடுப்பு என்று செலவாகும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஏர்கான் அறைச் சூட்டை வெளியே தள்ளுகிறது. ஆனால் முழுக் கோளும் கட்டடமானால் வெளியே என்பது விண்வெளிதான். அங்கே வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே போக முடியும். ஆகவே ராட்சதக் கதிர்வீச்சுத் தகடுகள் வேண்டும். அவற்றின் அருகே யார் குடியிருப்பார்கள்? வாடகை அங்கே குறைவாக இருக்குமா? வசதி படைத்தவர்களின் வட்டாரங்களுக்குக் குளிர்ந்த நீர் குழாயில் போகுமா, மரினா பேயில் நிலத்தடி ஆலையிலிருந்து கட்டடங்களுக்குப் போவதுபோல? ஏற்றத்தாழ்வைக் காட்ட இதைவிட வலுவான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5: ஓர் ஆளைப் பிடியுங்கள்

பேரரசரை விடுங்கள். இந்தச் சங்கிலியில் வேலை செய்யும் ஒருவர் போதும்: கலத்திலிருந்து அரிசி இறக்குபவர், தகடுகளைக் கழுவுபவர், தேக்காவில் இருப்பதுபோன்ற ஒரு சந்தையில் காய்கறி விற்கும் அக்கா. கணக்குத் தாளை அப்படியே கதைக்குள் கொட்டாதீர்கள். இருநூறு கலங்களில் நாற்பது வரவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அன்று மாலை அந்த அக்கா யாருக்குக் காய் இல்லை என்று சொல்கிறார் என்பதை எழுதத் தொடங்குங்கள்.