ஊசி போட்டும் பூனைக்குச் சர்க்கரை இறங்கவில்லையா? வீட்டில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை

காலையும் மாலையும் தவறாமல் ஊசி போடுகிறீர்கள். ஆனாலும் பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, மணல் தட்டு நனைந்தே கிடக்கிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். நீங்களாகக் கூட்டாதீர்கள். இன்சுலின் ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் நம்முடைய டைப் 2 போன்ற நீரிழிவு. தடையாக இருக்கும் காரணத்தை நீக்கினால், ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் பூனைகளும் உண்டு.

படி 1: மருந்து உள்ளே போகிறதா?

சிரிஞ்சிலிருந்து ஆரம்பியுங்கள். நம்மூர் மருந்துக் கடைகளில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகையில் கிடைக்கிறது. சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. கேனின்சுலின் என்ற இன்சுலின் 40 யூனிட் மருந்து. அதை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் பூனைக்குப் போவது 0.8 யூனிட்தான். மருந்துக்கு உடல் மசியாதது போலவே தெரியும், ஆனால் கோளாறு சிரிஞ்சில். கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் மருந்து. அதைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. புட்டியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அப்புறம் ரோமம். விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்துப் போடும்போது, ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து ரோமத்திலேயே வடிந்துவிடலாம். போட்ட இடத்தை விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். ஈரமும் மருந்து வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஆனாலும் இன்னொரு ஊசி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதே. அடுத்த வேளைக்குப் போட்டால் போதும்.

ஃப்ரீசரில் உறைந்துபோன மருந்தும் காலாவதியானதும் குப்பைக்கு.

படி 2: வீட்டிலேயே சர்க்கரை பாருங்கள்

மருத்துவமனையில் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும். அந்த ஓர் எண்ணை வைத்து அளவை முடிவு செய்ய முடியாது. வீட்டில் பார்க்க, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதை அரை நிமிடம் சூடாக்குங்கள். காதின் ஓரத்தில் மெல்லிய ரத்தக் குழாய் ஓடும். அதன் மேல் துளி வாஸலின் தடவினால் ரத்தம் பரவாமல் முத்தாக நிற்கும். காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக்கொண்டு லான்செட் என்னும் சிறு ஊசியால் குத்தி, சர்க்கரை மீட்டரின் ஸ்ட்ரிப்பைக் காட்டுங்கள். முடிந்ததும் பஞ்சால் அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு வேகவைத்த கோழி. நாலைந்து நாளில் அதுவே வந்து உட்காரும்.

மருத்துவர் சொல்லும் நாளில், காலை ஊசிக்கு முன் ஆரம்பித்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரம் குறித்துவையுங்கள். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். அதனால் எந்த மீட்டர் என்பதையும் சொல்லுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

படி 3: தட்டும் எடையும்

பூனை மாமிச உண்ணி. சோறு, பால், உலர் தீவனம் எல்லாம் மாவுச்சத்தை ஏற்றுபவை. ஈரத் தீவனம் நல்லது. பாக்கெட்டில் மாவுச்சத்து அளவு போட்டிருக்காது. புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி 100-இல் கழித்தால் மிச்சம் அதுதான். வெறும் கோழி மட்டும் கொடுத்தால் கால்சியம் கிடைக்காது. பருமனான பூனை ஒரு கிலோ கூடினால் இன்சுலினுக்கு உடல் இணங்குவது சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஆனால் பட்டினி போட்டு இளைக்க வைத்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிரே போகும். வாரத்துக்கு 1 சதவீதம் குறைந்தாலே போதும்.

படி 4: ஒளிந்திருக்கும் நோய்

வாயைத் திறந்து ஈறு சிவந்திருக்கிறதா, நாறுகிறதா என்று பாருங்கள். பல் சீழும் சிறுநீர்த் தொற்றும் இன்சுலினை முடக்கிவிடும். அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இவை எதுவும் இல்லாமல் வேளைக்கு 5, 6 யூனிட்டைத் தாண்டியும் சர்க்கரை அசையவில்லை, எடையும் கூடுகிறது, முகமும் பாதமும் பெருக்கிறது என்றால், ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிட்யூட்டரி கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகும் அக்ரோமெகாலி நோயைத் தேடும் சோதனை அது. பிரிட்டனில் 1,221 நீரிழிவுப் பூனைகளைச் சோதித்ததில், ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஐஜிஎஃப்-1 அளவு இந்த நோயைச் சந்தேகிக்கும்படி உயர்ந்திருந்தது.

படி 5: தடை நீங்கிய பிறகு

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கட்டம்தான். பல்லைப் பிடுங்கியாயிற்று, தீவனம் மாற்றியாயிற்று. நேற்று வரை பத்தாத அதே அளவு இன்று அதிகமாகிவிடும். இந்த வாரங்களில் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் சர்க்கரை பாருங்கள். குறைவாக இருந்தாலோ, பூனை சாப்பிடாவிட்டாலோ போடாமல் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். தள்ளாடினால், மிரண்டு விழித்தால், வலிப்பு வந்தால் மீட்டரைத் தேடி நேரம் கடத்தாதீர்கள். தேனை விரலில் தொட்டு ஈறில் தடவி, வலிப்பின்போது வாய்க்குள் ஊற்றாமல், உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.