விருந்தினர் குரல்களோடு ஓர் ஆல்பம்

உங்கள் ஆல்பத்தில் பாட வேறொருவரை அழைக்கிறீர்களா? பாட்டு நீங்கள் எழுதியதாகவே இருக்கட்டும். சுருதியைப் பாட வருகிறவரின் குரலுக்குத்தான் வைக்க வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை என்பது பொது வழக்கு. எங்கள் தர்மபுரிப் பக்கத்துத் தெருக்கூத்துப் பாடகர் அதில் அடங்கமாட்டார். மைக் இல்லாமல் ஊருக்கே கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அது! முதலில் போனில் பாட வைத்து, சிரமமில்லாமல் எட்டும் உச்ச சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெட்டை ஏற்றி இறக்கலாம். பதிவின்போது மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்தி, கெயினை, அதாவது மைக் ஒலியை வாங்கும் அளவை, குறையுங்கள். ஹெட்போனில் ஒரு காது திறந்திருக்கட்டும். தன் குரல் காதில் விழுந்தால்தான் அவருக்குப் பாட்டு வரும். தாளம் காட்டும் வெறும் கிளிக் சத்தம் ஒத்துவராது. கிளிக்கோடு மிருதங்கத்தை முன்பே பதிந்து, அதைக் கேட்கக் கொடுங்கள்.

ஓசூரிலோ சென்னையிலோ இருந்தபடியே பாடிப் பதிந்து அனுப்பும் பாடகர் என்றால் எளிது. நீங்கள் பாடிய மாதிரித் தடத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக அனுப்பி, ரிவெர்ப் (எதிரொலி) சேர்க்காமல் அதே கோப்பு வடிவில் திரும்பக் கேளுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம்.

சம்பளம், ராயல்டி, பெயர் போடும் விதம் மூன்றையும் பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். மகாபாரதக் கதையை ஆடும் பாரதக்கூத்து நடக்கும் நாட்களில் மட்டும் கூத்துப் பாடகரிடம் தேதி கேட்காதீர்கள். விடிய விடியப் பாடிய குரலுக்கு ஓய்வு வேண்டும்.