சுக்ரோஸ் சோதனையில் நீல நிறம் மாறவில்லையா?

அமிலம் விட்டுக் கொதிக்கவைத்த சுக்ரோஸை ஆறவிட்டு, நுரை அடங்கும் வரை சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்ட பிறகே பெனடிக்ட் சோதனைக்கு (நீலக் கரைசலின் நிறமாற்றத்தை வைத்துச் சில வகைச் சர்க்கரைகளைக் கண்டறியும் சோதனை) எடுங்கள். சூடாக இருக்கும்போது போட்டால் பொங்கி வழியும்.

5 மி.லி. சுக்ரோஸ் கரைசலுக்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 சொட்டு, ஒரு நிமிடக் கொதி போதும். அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துவிடும். ஆனால் பெனடிக்ட் கரைசல் காரத்தன்மையில்தான் வேலை செய்யும். மிஞ்சிய அமிலம் அதிலுள்ள சோடியம் கார்பனேட்டைத் தின்றுவிட்டால் செங்கல் நிற வீழ்படிவு வராது. சர்க்கரை உடையவே இல்லை என்று பலர் திரும்பவும் கொதிக்க வைப்பார்கள், வீண் வேலை.

சரிபார்க்க, அமிலம் சேர்க்காத சுக்ரோஸை இன்னொரு குழாயில் வையுங்கள். அது நீலமாகவே நிற்க வேண்டும்.

குளுக்கோஸ், லாக்டோஸ், மால்டோஸுக்கு இதெல்லாம் தேவையில்லை, நேரடியாகவே சோதிக்கலாம். குளுக்கோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகளைப் பிரித்தறியப் பயன்படும் பார்ஃபோட் கரைசலோ அமிலத்தன்மை உடையது. அங்கே பைகார்பனேட் போட்டால் சோதனையே கெடும்.