தோற்ற நாட்டின் ஆலையைக் கழற்றும்போது: 1945-க்குப் பின் செய்த தவறுகள்

தோற்ற நாட்டிடம் இழப்பீட்டைப் பணமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஜெர்மனி கடன் வாங்கிக் கட்டியது, அப்புறம் கட்டுவதையே நிறுத்திவிட்டது. அதனால் 1945-இல் வென்றவர்கள் வேறு வழிக்கு வந்தார்கள்: பணம் வேண்டாம், இயந்திரமாகக் கொடு. வென்ற நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் தொடங்கிய பேச்சு ஆகஸ்டில் போட்ஸ்டாம் ஒப்பந்தமாக முடிந்தது. ராணுவம் ஊருக்குள் இருக்கிறது, ஆலை கண்ணெதிரே நிற்கிறது, கழற்றி வண்டியில் ஏற்ற வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் ஜெர்மனியில் அந்த வேலை 1951 வரை இழுத்தது. கொடுத்தவர்களுக்குக் கசப்பு மிஞ்சியது, வாங்கியவர்களுக்கும் எதிர்பார்த்த பலன் இல்லை. எத்தனை பெட்டி கிளம்பியது என்று எண்ணினார்களே தவிர, போன இடத்தில் எத்தனை இயந்திரம் ஓடியது என்று பெரிதாகக் கவலைப்படவில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுவது

ஆலைக்குள் நிற்கும் எல்லா இயந்திரமும் ஒரே வகை அல்ல. பிரான்ஸிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் ஜெர்மானியர்கள் தூக்கி வந்தவை உரியவருக்குத் திரும்பிப் போக வேண்டியவை. பீரங்கியும் வெடிமருந்தும் போரில் கைப்பற்றிய பொருள். மீதியுள்ளதுதான் இழப்பீட்டில் கழிய வேண்டியது. இந்த மூன்றையும் பிரிக்காமல் கை வைத்தால் பின்னால் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

சோவியத் தரப்பு செய்தது அதுதான். போட்ஸ்டாமில் கையெழுத்தாவதற்கு முன்பே அதன் படைகளோடு வந்த குழுக்கள் இயந்திரங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டன. "இது போர் வெற்றிப்பொருள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணக்கில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. சீனாவின் வடகிழக்கில், ஜப்பான் வசம் இருந்த மஞ்சூரியாவிலும் அதே கதை. 1946-இல் அங்கே போன அமெரிக்கர் எட்வின் பாலியின் குழு, நேரடியாக எடுத்துப்போனதை 85.8 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. மீண்டும் அமைக்கும் செலவையும் சேர்த்த சேதம் சுமார் 200 கோடி டாலர் என்றது. இழந்தவருக்கு ஏற்பட்ட நஷ்டம், எடுத்தவர் கைக்குப் போன பொருளின் மதிப்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி கட்டம் இருக்க வேண்டும்.

இயந்திரத்தை இரும்பாகப் பார்ப்பது

இதில்தான் அதிக நஷ்டம். ஒரு லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்திவார போல்ட்டை அவிழ்த்து, கிரேனில் தூக்கி, வேகனில் இறக்கினால் "அனுப்பியாயிற்று" என்று எழுதிவிடலாம். ஆனால் மோட்டார் ஒரு பெட்டியில், மாற்றுப் பற்சக்கரங்கள் இன்னொரு பெட்டியில், மின் இணைப்பு வரைபடம் அலுவலக அலமாரியிலேயே கிடந்தால் போய்ச் சேர்வது காயலான் கடைச் சரக்குதான். செய்ய வேண்டியவை எல்லாம் சின்ன வேலைகள். பளபளப்பான பரப்புகளில் கிரீஸ் தடவ வேண்டும். கழற்றும் முன்பே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே எண் வரிசையில் தகடு கட்ட வேண்டும். உதிரிகளைத் தாய் இயந்திரத்தின் பெட்டியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அஸ்திவாரத்தின் அளவை வரைந்து வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதை, வாங்குபவர் மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இவைதான். கிழக்கு ஜெர்மனியின் ரயில் முற்றங்களில் ஏற்றிய சரக்கு மழையில் நனைந்து துருப்பிடித்ததற்கு ஏராளமான சாட்சி உண்டு.

இதைவிடத் தெளிவான உதாரணம் ரயில்வேயிலேயே இருக்கிறது. மத்திய ஜெர்மனியில் ஓடிய மின்சார ரயில் அமைப்பை 1946-இல் சோவியத் நிர்வாகம் கம்பி, கம்பம், எஞ்சின், மின் நிலையம் என்று மொத்தமாகக் கழற்றியது. அந்த எஞ்சின்கள் 16⅔ ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் ஓடுபவை. அந்த மின்சாரத்துக்குத் தனி மின் நிலையம் வேண்டும். சோவியத் ரயில்வேயில் அப்படி ஒரு அமைப்பே கிடையாது. 1952-இல் எஞ்சின்களைக் கிழக்கு ஜெர்மனிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கழற்றும் முன் ஒரு மின் பொறியாளரிடம் அரை நாள் பேசியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

ஆட்கள் இல்லாமலும் இயந்திரம் ஓடாது. அதைப் புரிந்துகொண்டபோது மாஸ்கோ எடுத்த வழி முரட்டுத்தனமானது. 1946 அக்டோபர் 22 அன்று, யேனாவின் ஸைஸ் கண்ணாடிக் கருவி ஆலை உட்படப் பல இடங்களிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிபுணர்களை, குடும்பத்தோடு, ரயிலேற்றிவிட்டார்கள். அதே ஆண்டில் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். சுமார் 200 ஆலைகளைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே விட்டு, உடைமையை மட்டும் சோவியத் பங்கு நிறுவனங்களின் பெயருக்கு மாற்றி, விளைந்த பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவகையில், கழற்றும் முறை தோற்றதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

பட்டியலை மாற்றிக்கொண்டே இருப்பது

எவ்வளவு கழற்றுவது என்பதை ஆறு மாதத்துக்குள் தீர்மானித்து, அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது போட்ஸ்டாம் விதி. 1946 மார்ச்சில் வந்த திட்டம் ஜெர்மனியின் எஃகுத் திறனை ஆண்டுக்கு 75 லட்சம் டன்னாக வெட்டியது. வென்ற நான்கு நாடுகள் ஜெர்மனியைப் பிரித்து ஆண்ட நான்கு மண்டலங்களையும் ஒரே பொருளாதாரமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. அந்த நம்பிக்கை உடைந்ததும் அமெரிக்கத் தளபதி லூஷியஸ் கிளே மே மாதமே தன் மண்டலத்தில் புதிதாகக் கழற்றுவதை நிறுத்தினார். 1947 ஆகஸ்டில் பிரிட்டிஷ், அமெரிக்க மண்டலங்களுக்கு மட்டும் புது வரம்பு வந்தது: 107 லட்சம் டன். அக்டோபரில் 682 ஆலைகள் கொண்ட பட்டியல் வந்தது. அதன்பின் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா தந்த மார்ஷல் உதவி, பட்டியலை மறுபடி பார்த்த அமெரிக்க ஹம்ப்ரி குழு, 1949 நவம்பரில் மேற்கு ஜெர்மன் அரசோடு செய்த பீட்டர்ஸ்பெர்க் உடன்பாடு என்று ஒவ்வொரு படியிலும் பட்டியல் சுருங்கியது.

பெயர் பட்டியலில் இருந்தவரை ஆலைக்காரர் கூரையைக்கூட ஒட்டுப்போட மாட்டார், வங்கி கடன் தராது, தொழிலாளிக்கு நாளை வேலை உண்டா என்று தெரியாது. கழற்றியதால் வந்த நஷ்டத்தைவிட இப்படிக் காத்திருந்ததால் வந்த நஷ்டம் பெரிது என்பேன். எஃகு ஆலை ஊரான ஸால்ஸ்கிட்டரில் 1950 மார்ச்சில் தொழிலாளர்கள் கழற்றும் வேலையைத் தடுத்து நிறுத்தியபோது பிரிட்டிஷ் படையை வரவழைக்க வேண்டியிருந்தது. போர் முடிந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, பக்கத்து ஆலைகளுக்கு விலக்கும் கிடைத்துவிட்டது. 1946-இல் பொறுத்துக்கொண்டவர்கள் அப்போது ஏன் பொறுக்க வேண்டும்?

ஜப்பானிலும் இதே ஊசலாட்டம். பாலி 1945 டிசம்பரில் கடுமையான பரிந்துரை கொடுத்தார், 1948-இல் ஸ்ட்ரைக், ஜான்ஸ்டன் என்பவர்கள் தலைமையிலான அமெரிக்கக் குழுக்கள் அடுத்தடுத்து வந்து அதைக் குறைத்தன, 1949 மே மாதம் அமெரிக்கா மொத்தத்தையும் நிறுத்திவிட்டது. இத்தனை காலமும் குறித்து வைத்த ஆலைகளைக் காவல் காத்துப் பராமரிக்கும் பொறுப்பு ஜப்பான் தலையில் இருந்தது. அந்த ஜப்பானுக்குச் சோறு போட்டதோ அமெரிக்க உதவிப் பணம்.

தனக்கே தேவைப்படுவதைக் கவனிக்காதது

வுல்ஃப்ஸ்பர்க் கார் ஆலையும் இழப்பீட்டுக்கு எடுப்பதாக இருந்ததுதான். ஆனால் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வண்டித் தட்டுப்பாடு. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அங்கே கிடந்த ஃபோக்ஸ்வாகனை ஓட்டிக் காட்ட, ராணுவமே 20,000 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தது. ஆலை தப்பியது. ஒரு அலுவலகம் பட்டியல் போடும், இன்னொரு அலுவலகம் அதே ஆலையில் பொருள் கேட்கும். முத்திரை குத்தும் முன்பே இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

வாங்குபவர் தயாரா என்று கேட்காதது

மேற்கு மண்டலச் சரக்கைப் பங்கிட பிரஸ்ஸல்ஸில் 18 நாடுகள் சேர்ந்து ஒரு அமைப்பு வைத்தன. இந்தியாவும் அதில் உண்டு. பல ஆலைகள் துண்டு துண்டாக வெவ்வேறு நாடுகளுக்குப் பிரிந்தன. ஒரே வரிசையில் வேலை செய்யப் பழகிய இயந்திரங்களை இப்படிப் பிரித்தால் எந்த நாட்டுக்கும் முழு உற்பத்தி கிடைக்காது.

ஜப்பானில் 1947-இல் வந்த முன்பணத் திட்டம் (மொத்தக் கணக்கு முடியும் முன்பே ஒரு பங்கை இயந்திரமாகக் கொடுப்பது), குறித்து வைத்ததில் 30 சதவீதத்தை நான்கு தரப்புக்கு ஒதுக்கியது. அதில் சரிபாதி சீனாவுக்கு, மீதி பிலிப்பைன்ஸுக்கும், கிழக்கிந்தியத் தீவுகளுக்காக (இன்றைய இந்தோனேசியா) நெதர்லாந்துக்கும், பர்மா, மலாயா முதலிய பகுதிகளுக்காகப் பிரிட்டனுக்கும். கப்பல் ஓரம்வரை கொண்டுவரும் செலவு ஜப்பானுடையது, அதற்கப்பால் வாங்குபவருடையது. சீனாவுக்கு முதல் சரக்கு 1948 ஜனவரியில் கிளம்பியபோது அங்கே உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. எந்தத் துறைமுகம், எந்த ஊர், அஸ்திவாரம் போட்டாயிற்றா, மின்சாரம் உண்டா, இயக்க ஆள் யார் என்று ஒதுக்கீட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பதில் வராத சரக்கைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே ஓட விட்டு, உற்பத்தியில் பங்கு வாங்கியிருக்கலாம். சோவியத்திடம் தோற்ற பின்லாந்து அப்படித்தான் கப்பலும் இயந்திரமுமாகச் செய்து அங்கே அனுப்பி, 1952-இல் தன் பாக்கியை முழுசாகத் தீர்த்தது.