ஞாயிறு வாசகங்கள்: கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரைப் பற்றி ஒருவர் செய்யும் தவறுகள்

‘கத்தோலிக்கர்கள் பைபிளைத் திறப்பதே இல்லை’ என்று ஒரு தரப்பு சொல்லும். ‘புராட்டஸ்டண்ட் சபையில் போதகர் தமக்குப் பிடித்த நாலு வசனத்தையே சுற்றிச் சுற்றி வருவார்’ என்று மறு தரப்பு சொல்லும். இரண்டுமே அடுத்தவர் ஆலயத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்காராதவர்களின் பேச்சு. இரு வழிபாடுகளின் வாசகங்களிலும் வேறுபாடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேதத்தின்மீது யாருக்குப் பற்று அதிகம் என்பதில் அந்த வேறுபாடு இல்லை. இந்த வாரம் எந்தப் பகுதியை வாசிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இதைக் கேட்காமல் ஒப்பிடத் தொடங்குவதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

‘புராட்டஸ்டண்ட்’ என்பதை ஒரே சபையாக எண்ணுவது

கத்தோலிக்கத் திருப்பலியில், அதாவது நற்கருணை வழிபாட்டில், வாசகத்தைத் தேர்ந்தெடுப்பவர் பங்குத்தந்தை அல்ல. இலத்தீன் வழிபாட்டு முறையில் உலகம் முழுவதற்கும் ஒரே வாசக அட்டவணை, எந்த நாளில் எந்தப் பகுதி என்ற பட்டியல். இறைவாக்கின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது. அதன்படி 1969இல் புதிய வாசக அட்டவணை வந்தது. 1981இல் அதன் இரண்டாம் பதிப்பு. அதற்கு முன்பு, 1570ஆம் ஆண்டுத் திருப்பலி நூலின் வழியில், ஓராண்டுச் சுற்றுதான். ஞாயிறு தோறும் ஒரு திருமுகமும் (அப்போஸ்தலரின் கடிதம்) ஒரு நற்செய்தியும் மட்டுமே. பழைய ஏற்பாடு ஞாயிறுகளில் அபூர்வம். ஆக, கத்தோலிக்கர்மீது சொல்லப்படும் பழைய குறையில் ஒரு காலத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் பிழை. இன்று ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என நான்கு பகுதிகள் ஒலிக்கின்றன. தனித்து இயங்கும் பல சபைகளின் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்குரிய ஒரு பகுதி மட்டும் வாசிக்கப்படுவதோடு இதை ஒப்பிட்டால், கணக்கு பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வரும்.

மறுபக்கம், சீர்திருத்தம் நடந்த காலத்திலேயே இரண்டு பாதைகள் பிரிந்துவிட்டன. மார்ட்டின் லூத்தர் பழைய திருமுக, நற்செய்தி வாசகங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். சூரிக் நகரில் இன்னொரு சீர்திருத்தவாதியான ஸ்விங்லி அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, 1519 ஜனவரி 1 அன்று மத்தேயு முதல் அதிகாரத்தில் தொடங்கி வரிசையாகப் பிரசங்கிக்க ஆரம்பித்தார். ஜெனீவாவிலிருந்து 1538இல் வெளியேற்றப்பட்ட சீர்திருத்தவாதி கால்வின், 1541இல் திரும்பி வந்து பிரசங்க மேடையில் ஏறியபோது, தாம் விட்டுப்போன இடத்துக்கு அடுத்த பகுதியிலிருந்து தொடர்ந்தார். நடுவில் கழிந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிடிவாதம் என்று சொன்னாலும் சரி, கொள்கை என்று சொன்னாலும் சரி, புத்தகத்தை வரிசையாகப் படிக்கும் இன்றைய போதகர்களின் வம்சம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்று லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் பல, 1992இல் வெளியான திருத்திய பொது வாசக அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அந்த அட்டவணை 1969ஆம் ஆண்டுக் கத்தோலிக்க அட்டவணையை அடித்தளமாகக் கொண்டு உருவானது என்பது இரு தரப்பிலும் பலருக்குத் தெரியாது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாகப் போதகரே பகுதியைத் தேர்ந்தெடுக்கிறார். எனவே ஒரு லூத்தரன் ஆராதனை, வாசகங்களைப் பொறுத்தவரை, பெந்தெகொஸ்தே ஆராதனையைவிடத் திருப்பலிக்கே நெருக்கமாக இருக்கக்கூடும்.

அட்டவணை ஒன்று என்பதால் வாசகமும் ஒன்று என நம்புவது

இரு அட்டவணைகளிலும் மூன்றாண்டுச் சுற்று ஒன்றே: ‘அ’ ஆண்டு மத்தேயு, ‘ஆ’ ஆண்டு மாற்கு, ‘இ’ ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லாததால் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அவருக்கு உயிர்ப்புக் காலமும் (ஈஸ்டரும் அதன் பின் வரும் வாரங்களும்) தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்கள்) சில ஞாயிறுகளும் உண்டு. மாற்கு நற்செய்தி சிறியது என்பதால், அந்த ஆண்டின் நடுவே யோவான் ஆறாம் அதிகாரமும் பல ஞாயிறுகளுக்கு வந்துவிடுகிறது. ஆண்டைக் கண்டுபிடிக்க எளிய வழி: மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டு ‘இ’. 2025 அப்படி. ஆனால் சுற்று ஜனவரியில் மாறுவதில்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மாறுகிறது. 2026க்குரிய ‘அ’ ஆண்டு 2025 நவம்பர் 30 அன்றே தொடங்கிவிட்டது. டிசம்பரில் வாசகம் தயாரிப்பவர்கள் தவறான ஆண்டைத் திறப்பது இதனால்தான். பொதுக்காலத்தில், அதாவது பெருவிழாக் காலங்கள் அல்லாத வாரங்களில், வாரநாள் திருப்பலிக்கு வேறு கணக்கு: முதல் வாசகத்துக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை ஆண்டு என இரண்டாண்டுச் சுற்று, நற்செய்தி ஆண்டுதோறும் அதே.

அட்டவணைகள் எங்கே சேர்ந்து எங்கே பிரிகின்றன என்பதற்கு ‘இ’ ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டிலும் நற்செய்தி லூக்கா 20: ஏழு சகோதரர்களை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண், உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாவாள் என்று, உயிர்த்தெழுதலை ஏற்காத யூதக் குழுவினரான சதுசேயர்கள் இயேசுவை மடக்கும் பகுதி. இதற்குத் துணையாகக் கத்தோலிக்க அட்டவணை மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தை வைக்கிறது. அங்கும் ஏழு சகோதரர்கள்தான், ஆனால் உயிர்த்தெழுதலை நம்பிச் சித்திரவதையில் உயிர்விட்டவர்கள். பொருத்தம் கச்சிதம். மக்கபேயர் நூல் புராட்டஸ்டண்டுகளின் திருமறைப் பட்டியலில் இல்லை. எனவே மற்ற அட்டவணை அங்கே யோபு 19ஐத் தருகிறது: ‘என் மீட்பர் வாழ்கிறார்’ என்ற யோபுவின் அறிக்கை. அதுவும் பொருத்தமே.

2025இல் அந்த ஞாயிறு நவம்பர் 9. அன்று கத்தோலிக்கர்கள் இந்த இரண்டில் எதையும் கேட்கவில்லை! உரோமை இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா அந்த நாளில் விழுந்ததால், ஞாயிறு வாசகங்கள் விலகி, ஆண்டவர் ஆலயத்தைத் தூய்மைப்படுத்தும் யோவான் 2 வாசிக்கப்பட்டது. திருச்சிலுவை மகிமை விழா, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு போன்றவையும் இப்படி ஞாயிறை எடுத்துக்கொள்ளும். ஆகவே அட்டவணையின் ஞாயிறு எண்ணை மட்டும் பார்த்து, ‘அவர்களுக்கும் இதே வாசகம்தான்’ என்று நண்பரிடம் உறுதி சொல்லிவிடாதீர்கள், நாட்காட்டியையும் பாருங்கள். ஆண்டவரின் உருமாற்றமும் இப்படி இடம் மாறும்: கத்தோலிக்கருக்குத் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, மற்ற அட்டவணையில் பொதுவாகத் தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு.

மக்கபேயர், தோபித்து, சீராக் போன்ற ஏழு நூல்கள் சேர்ந்ததால்தான் கத்தோலிக்கப் பைபிள் 73 நூல்கள், புராட்டஸ்டண்ட் பைபிள் 66. இவற்றைப் புராட்டஸ்டண்டுகள் யாரும் ஆலயத்தில் வாசிக்கவே மாட்டார்கள் என்பதும் மிகைதான். லூத்தரின் 1534ஆம் ஆண்டு பைபிளில் இவை இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதியாக இருந்தன. கோட்பாட்டை நிறுவ இவற்றைப் பயன்படுத்துவதில்லை, வாழ்க்கைக்கும் நல்லொழுக்கத்துக்கும் பாடமாக வாசிக்கலாம் என்பது ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவது.

எல்லா வாசகங்களையும் ஒரே கயிற்றில் கட்டுவது

மறையுரை தயாரிப்பவர்களும் வாசகங்களுக்கு முன்னுரை எழுதுபவர்களும் விடாமல் செய்யும் தவறு இது. திருப்பலியின் பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் அப்படி அல்ல. அது ஒரு திருமுகத்தை வாராவாரம் வரிசையாகத் தொடர்ந்து போகிறது. அது நற்செய்தியோடு ஒத்துப்போனால் தற்செயல். ஒத்துப்போகாதபோது முன்னுரை எழுதுபவர் ‘இன்றைய மூன்று வாசகங்களும் நமக்கு உணர்த்துவது’ என்று தொடங்கி, பவுலை இழுத்து வந்து உவமைக்குள் திணிப்பதைக் கேட்டால் பவுலுக்காக வருத்தப்படத் தோன்றும். திருத்திய பொது அட்டவணையில் இன்னும் கவனம் வேண்டும். பெந்தெகொஸ்தே பெருவிழாவுக்குப் பிந்தைய ஞாயிறுகளில் அங்கே பழைய ஏற்பாட்டுக்கு இரண்டு தடங்கள் உண்டு: ஒன்று நற்செய்தியோடு இயைந்தது, மற்றது முற்பிதாக்கள், அரசர்கள், இறைவாக்கினர் என்று கதையாகத் தொடர்வது. இரண்டாவது தடத்தை எடுத்த சபையில் மூன்று வாசகங்களும் மூன்று வழியில்தான் போகும். வாரத்துக்கு ஒரு தடம் என்று மாறி மாறி எடுத்தால் கதையும் அறுந்துபோகும்.

உயிர்ப்புக் காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வரவில்லையே என்று வாசகர் பக்கங்களைப் புரட்டித் தேடுவதும் உண்டு. தேட வேண்டாம், அந்த வாரங்களில் அப்போஸ்தலர் பணிதான்.

அட்டவணையை முழு பைபிள் என்று எண்ணுவது

மூன்றாண்டு தவறாமல் திருப்பலிக்குப் போனால் பைபிள் முழுவதையும் கேட்டுவிடலாம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாரநாட்களையும் சேர்த்தால் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி வந்துவிடும். பழைய ஏற்பாட்டிலோ சிறு பகுதிதான். முழுமை என்று பார்த்தால், 1549ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் காலை, மாலை ஜெபத் திட்டம் இதைவிடப் பேராசை கொண்டது: சங்கீதங்கள் (திருப்பாடல்கள்) மாதம் ஒருமுறை, பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை, புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி மூன்று முறை.

எதை விடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாபிலோன் ஆறுகள் அருகே அமர்ந்து அழும் 137ஆம் திருப்பாடல் ‘ஆ’ ஆண்டில், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று வருகிறது. ஆறாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. குழந்தைகளைப் பாறையில் மோதும் கடைசி வசனம் மக்கள் காதில் விழுவதில்லை. திருத்திய பொது அட்டவணையோ ஓர் ஞாயிறுக்கு அந்தப் பாடலை முழுமையாக விருப்பத் தேர்வாகத் தருகிறது. என்னைக் கேட்டால், முழுதாக வாசித்து அதைப் பற்றிப் பேசத் துணிவதே நல்லது. ஆனால் வாசிப்பு மேடையில் நிற்பவர் அதைத் தாமாக முடிவுசெய்து வசனம் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வசன எண்ணிலும் கவனம் வேண்டும். திருப்பாடலின் தலைப்பையும் வசனக் கணக்கில் சேர்க்கும் பதிப்புகளில் 51ஆம் பாடலின் ‘தூய உள்ளத்தை என்னுள் படைத்தருளும்’ 12ஆம் வசனம், மற்றவற்றில் 10. மலாக்கி 4:1 சில பதிப்புகளில் 3:19. பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் ‘ஆண்டவர் என் ஆயர்’ 22ஆம் பாடல். எண்ணை மட்டும் தொலைபேசியில் சொல்லாமல், பகுதியின் முதல் வரியையும் சொல்லிவிடுங்கள்.

மேடையில் நிற்கும்போது

பல புராட்டஸ்டண்ட் சபைகளில் சுவிசேஷத்தைச் சபையார் எவரும் வாசிக்கலாம். திருப்பலியில் அது திருத்தொண்டருக்கோ அருள்பணியாளருக்கோ உரியது. மக்கள் எழுந்து நிற்பார்கள். வாசகர் முதல் இரண்டு வாசகங்களை வாசிக்கிறார். ‘முதல் வாசகம்’ என்ற தலைப்பையும் அதன் கீழே சாய்வெழுத்தில் இருக்கும் சுருக்க வரியையும் உரக்க வாசிப்பது மிகப் பரவலான பிழை. அவை வாசகருக்கான குறிப்புகள். நூலின் பெயரைச் சொல்லித் தொடங்கி, முடிந்ததும் சற்று நிறுத்தி ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று சொன்னால் போதும்.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் மணக்கும் கலப்புத் திருமணங்களில் நெருடல் வருவதும் இந்த மேடையில்தான். மணமகன் அல்லது மணமகளின் புராட்டஸ்டண்ட் உறவினர் ஒருவரை வாசகராக அச்சிட்டுவிட்டு, கடைசி நாளில் பெயரை நீக்கச் சொல்வார்கள், மனக்கசப்பு மிஞ்சும். பிற கிறிஸ்தவ சபைகளோடான உறவு பற்றிய 1993ஆம் ஆண்டுக் கத்தோலிக்க ஒன்றிப்பு வழிகாட்டியின்படி, திருப்பலியில் வாசிப்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சிறப்பான சூழலில், தகுந்த காரணத்துக்காக, ஆயர் விதிவிலக்கு அளிக்கலாம். கலப்புத் திருமணம் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல் நடக்கும். அப்போது உள்ளூர் ஆயரின் அனுமதியோடு மறு தரப்புப் போதகரையே வாசிக்கவும் சிறு உரை ஆற்றவும் அழைக்க இடமுண்டு. அழைப்பிதழும் வழிபாட்டுத் தாளும் அச்சுக்குப் போகும் முன்பே பங்கு அலுவலகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.