ட்ரையத்லனில் பொருள் கீழே விழுந்தால், யாராவது உதவ வந்தால்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஹட்டன் வீதியில் செயின் கழன்று சைக்கிளோடு ஓரமாக நின்று பாருங்கள். ஓட்டோக்காரர் இறங்கி வருவார், பக்கத்துக் கடையிலிருந்து கை துடைக்கப் பழந்துணி வரும், கொழுந்துக் கூடையோடு போகிற அக்கா "தேத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" என்பார். மலையகம் அப்படி. நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடி முடிக்கிற ட்ரையத்லனில் இந்த அன்புதான் நம்மைப் போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிடும், ஏனென்றால் வெளியாள் உதவி வாங்கக்கூடாது என்பது விதி. நீந்தப் பழகிவிடலாம், ஏற்றத்தில் மிதிக்கக் கால்களைத் தயார்படுத்திவிடலாம். "வேணாம் அண்ணே, தொடாதீங்க" என்று சொல்லப் பழகுவதுதான் நமக்குக் கஷ்டம்.

இங்கே நான் சொல்வது வேர்ல்ட் ட்ரையத்லன் என்ற உலக சம்மேளனத்தின் விதிகளை ஒட்டியது. 2018இல் கொழும்பில் நடந்ததே அயர்ன்மேன் 70.3 என்ற நீண்ட தூர ட்ரையத்லன், அந்த வகைப் போட்டிகளுக்குத் தனி விதிப்புத்தகம் உண்டு. அபராத நேரமும் வேறு. எதில் பெயர் கொடுக்கிறீர்களோ அதன் கையேட்டை வாசித்துவிடுங்கள்.

படி 1: முதலில் வீட்டாரிடம் பேசுங்கள்

பயிற்சியைவிட இது முக்கியம் என்பேன். அம்மா, மாமா, கூட்டாளிமார் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: போட்டி நடக்கும்போது போத்தல் நீட்டக்கூடாது, வாழைப்பழம் நீட்டக்கூடாது, நுவரெலியாக் குளிருக்கு ஜெக்கட் கொண்டு ஓடி வரக்கூடாது. கூடவே ஓடிவந்து வேகம் பிடித்துத் தருவதும் கூடாது. கைதட்டலாம், தொண்டை கிழியக் கத்தலாம்.

தண்ணீர், சாப்பாடு, மருத்துவ உதவி, சைக்கிள் பழுது பார்க்கும் உதவி எல்லாம் போட்டி அதிகாரிகளும் பணியாளர்களும் அனுமதித்த அளவில் தருவார்கள். அதை வாங்கலாம். வெளியாள் எவரிடமும் வாங்கக்கூடாது. அப்படி வாங்கிவிட்டால் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது ஒன்று: நடந்ததைத் திருத்த முடியுமா? முடிந்தால் நேர அபராதம், முடியாவிட்டால் தகுதி நீக்கம். மாமா கையில் திணித்த போத்தலை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் தப்ப வழி இருக்கிறது. குடித்து முடித்த பிறகு எதைத் திருத்துவது?

படி 2: விழாதபடி கட்டுங்கள்

மாற்று ட்யூப், டயர் கழற்றும் லீவர், சின்னப் பம்ப், ஒரு மடக்குச் சாவிக்கொத்து. நான்கையும் சீட்டுக்குக் கீழே பையில் இறுக்கி வையுங்கள். அப்புறம் அந்தக் கட்டோடேயே கல் பெயர்ந்த தோட்டப் பாதை ஒன்றில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். போத்தல் கூடு தளர்வாக இருந்தால் முதல் குழியிலேயே சத்தம் கொடுக்கும். கண்ணாடிப் போத்தல் போட்டிக்கு ஆகாது. ஹெட்போனும் வீட்டில் இருக்கட்டும்.

படி 3: தண்ணீரில்

கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ பழகுகிறவர்களுக்குக் குளிரில் மூச்சு இறுகும் அந்த முதல் சில நிமிடங்கள் தெரியும். போட்டியில் அப்படி ஆனால் மிதவையையோ நிற்கிற படகையோ பிடித்து இளைப்பாறலாம், தப்பில்லை. பிடித்துக்கொண்டே முன்னால் போகத்தான் கூடாது. நிலைமை மோசமென்றால் கையை மேலே உயர்த்திக் கூப்பிடுங்கள். மீட்புக்காரர் உதவி செய்துவிட்டால் அன்றைய போட்டி முடிந்தது, ஆனாலும் கையை உயர்த்தத் தயங்காதீர்கள்.

படி 4: மாற்றுமிடத்தில் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், பிறகு ஓட்டத்துக்கும் மாறுகிற இடம்)

நீந்தி ஏறியதும் தொப்பியையும் நீச்சல் கண்ணாடியையும் வழியில் வீசிவிட்டு ஓடுவது புதியவர்களின் வழக்கம். உங்களுக்கென்று ஒதுக்கிய இடம் வரை கையிலேயே வைத்திருந்து அங்கே போடுங்கள். பெட்டி கொடுத்திருந்தால் பெட்டிக்குள். முன்னணி வீரர்கள்கூட இதற்கு அபராதம் வாங்குகிறார்கள்.

ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகே வாரைக் கழற்ற வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டிய பிறகு ஏறுங்கள், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்குங்கள்.

படி 5: சைக்கிளில்

இறக்கத்தில் போகிறீர்கள், பள்ளத்தில் விழுந்து எழும்போது போத்தல் துள்ளி வீதியில் உருளுகிறது. என்ன செய்ய வேண்டும்?

திடீரென பிரேக் பிடிக்காதீர்கள், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார். வளைவுக்குள் நிற்காதீர்கள். வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் பின்னால் பார்த்து இடது ஓரம் ஒதுங்கி இறங்குங்கள். சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தே திரும்பிப் போய் எடுங்கள். எதிர்த்திசையில் ஏறி ஓட்டக்கூடாது. சைக்கிளைக் கிடத்திவிட்டு ஓடவும் வேண்டாம், அது இல்லாமல் பாதையில் முன்னேறுவது குற்றம். போத்தல் கானுக்குள் போய்க் கிடந்தால், எடுத்துக் கொடுக்க வருகிற பையனைக் கையசைத்து நிறுத்திவிட்டு நீங்களே இறங்கி எடுங்கள்.

விட்டுவிட்டுப் போனால்? உணவு நிலையத்தையும் குப்பை போடக் குறித்த இடத்தையும் தவிர வேறெங்கும் பொருளைப் போட்டால் அபராதம். தவறி விழுந்ததா, வேண்டுமென்றே எறிந்ததா என்று தூரத்தில் நிற்கிற அதிகாரிக்குத் தெரியாது. நின்று எடுக்கிறவரைப் பார்த்தால் புரிந்துகொள்வார். வழியில் உறிஞ்சுகிற சத்து ஜெல்லின் உறைக்கும் இதே கதைதான், கிழித்த துண்டை ஜேர்சிப் பைக்குள் திணித்துவிடுங்கள்.

பஞ்சர் ஆனால் நீங்களே மாற்ற வேண்டும். அதே போட்டியில் ஓடுகிற இன்னொருவர் ட்யூபோ பம்ப்போ கொடுத்தால் வாங்கலாம். அவருடைய சில்லையோ ஹெல்மெட்டையோ முழுச் சைக்கிளையோ கொடுத்து, அதனால் அவர் தொடர முடியாமல் போனால் இருவருமே வெளியே. சரிசெய்யவே முடியாவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ தோளில் சுமந்தோ நடக்கலாம், அதற்குத் தடையில்லை.

படி 6: ஓட்டத்தில்

2016 செப்டம்பரில் மெக்சிக்கோவின் கொசுமெலில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். முன்னணியில் வந்த பிரிட்டிஷ் வீரர் ஜொனி பிரவுன்லி கடைசிக் கட்டத்தில் வெயிலில் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தம்பியின் கையைத் தோளில் போட்டு இழுத்து வந்து எல்லைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டார். தென்னாபிரிக்காவின் ஹென்றி ஷூமன் வென்றார், தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. ஸ்பெயின் தரப்பு ஆட்சேபித்தது, எடுபடவில்லை. வீரருக்கு வீரர் உதவலாம் என்பதே அன்றைய விதி. அதற்குப் பிறகு விதி மாறியது: ஒருவரை உடலால் தாங்கி முன்னே நகர்த்தினால் இருவருக்கும் தகுதி நீக்கம்.

கூடப் பிறந்தவன் விழும்போது விட்டுவிட்டுப் போகச் சொல்கிற விதி கொடுமைதானே என்று கேட்கலாம். எனக்கு இந்த மாற்றம் சரியாகவே படுகிறது. தள்ளாடுகிறவருக்கு வேண்டியது மருத்துவர், எல்லைக் கோடு அல்ல. நின்று அதிகாரியைக் கூப்பிடலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

கைகோர்த்து முடிப்பதும் ஆகாது. 2019இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில் ஜெசிக்கா லேர்மொன்த்தும் ஜோர்ஜியா டெய்லர்-பிரவுனும் சிரித்தபடி கைகோர்த்து முதலாவதாக வந்தார்கள். இருவரும் தகுதி நீக்கப்பட்டு, வெற்றி பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்குப் போனது. தோட்டத்துக் கூட்டாளியோடு சேர்ந்து ஓடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: அபராதம் விழுந்தால்

அதிகாரி விசில் ஊதி, உங்கள் இலக்கத்தைச் சொல்லி நிற்கச் சொன்னால் அது பெரும்பாலும் எச்சரிக்கை. வாதாடாமல் நின்று, சொன்னதைத் திருத்திவிட்டுப் போங்கள். நேர அபராதம் என்றால் பெரும்பாலும் ஓட்டப் பாதையில் அபராதக் கூடம் இருக்கும், பக்கத்துப் பலகையில் இலக்கங்கள் எழுதியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பலகையைப் பார்ப்பது உங்கள் வேலை, யாரும் கூப்பிட மாட்டார்கள். சின்னத் தப்புகளுக்கு ஸ்பிரிண்ட் என்கிற குறுந்தூரப் போட்டியில் 10 விநாடி, அதைப்போல் இரு மடங்கான ஒலிம்பிக் தூரத்தில் 15 விநாடி. முன்னால் போகிறவரின் சைக்கிளுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு போவதற்குத் தடையுள்ள போட்டியில், அந்தத் தப்புக்கு முறையே 1 நிமிடமும் 2 நிமிடமும். நிற்காமல் ஓடி முடித்தால் தகுதி நீக்கம்.

தகுதி நீக்கம் என்று சிவப்பு அட்டை காட்டினாலும் ஆபத்தில்லாத நிலையில் ஓடி முடிக்கலாம், முடித்துவிட்டு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு குறுகியது, முந்தின நாள் விளக்கக் கூட்டத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.