தள்ளத் தள்ள மூக்கைத் தூக்கிய செஸ்னா

வாடகைக்கு எடுத்த செஸ்னா 172, சின்ன விமானம். அதில் கேஏபி 140 ஆட்டோபைலட் (விமானத்தைத் தானே ஓட்டும் கருவி). நண்பர் ஓட்டினார், நான் பக்கத்து இருக்கை. ஏறும்போது ஆட்டோபைலட்டைப் போட்டார். மூக்கு தூக்கலாகப் பட்டதால் யோக்கை (கையால் ஓட்டும் பிடியை) முன்னால் தள்ளினார். உடனே ட்ரிம் சக்கரம் (கையை எடுத்தாலும் மூக்கை ஒரே நிலையில் வைக்க உதவுவது) தானாகச் சுழன்றது. அவர் தள்ளத் தள்ள, அது மூக்கைத் தூக்கும் பக்கமாகவே ஓடியது. கோளாறு இல்லை, கை விசையை எதிர்த்து ட்ரிம் செய்வது ஆட்டோபைலட்டின் இயல்பு. அந்த நிலையில் அதை அசட்டையாகத் துண்டித்தால் மூக்கு எகிறும். தாழ்வான உயரத்தில் அது ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசையை இழப்பதில்) போய் முடியலாம்.

"யோக்கை இறுக்கிப் பிடிங்க, இப்ப துண்டிக்கிற சிவப்பு பட்டன்" என்றேன். எகிறப் பார்த்தது, பிடித்துக்கொண்டு ட்ரிம்மைக் கையால் சரிசெய்தோம்.

அப்புறம் விமானம் தரையில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பழகினோம். ஆட்டோபைலட்டைப் போட்டு, யோக்கைக் கை பலத்தால் மீற முடிகிறதா என்று பார்ப்பது, பட்டனில் துண்டிப்பது, அதற்கும் அடங்காவிட்டால் அதன் மின்சாரத்தையே வெட்ட இழுக்க வேண்டிய சர்க்யூட் பிரேக்கரைக் கண்ணை மூடித் தொட்டுக் காட்டுவது. (கடைசியதுதான் பலருக்கும் வராது.)

இன்னொன்று. போடும் நொடியில் இருக்கும் ஏறு வேகத்தையே இந்த ஆட்டோபைலட் பிடித்துக்கொள்ளும். காற்றுவேகம் சரிவதைப் பற்றிக் கவலைப்படாது. அதனால் இப்போது நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் அதனிடம் நாங்கள் கேட்பதில்லை.